பாலக்காட்டுக் கணவாய்க்கு மேலே பறந்து துகள் அளக்க: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்ததும் கிழக்கேயிருந்து கணவாய்க்குள் நுழையும் காற்று விடியவிடியப் பனையோலையை ஆட்டும். மலையாளிகள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். ஆனி, ஆடியில் அதே வழியாக மேற்கேயிருந்து மழைக்காற்று கோயம்புத்தூர் பக்கம் போகும். அந்தக் காற்று என்னென்ன சுமந்து போகிறது, எந்த உயரத்தில் சுமந்து போகிறது என்று அளப்பதுதான் இந்த வேலை.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இயற்பியலோ வேதியியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ முடித்துவிட்டு திருவனந்தபுரம், புனே, திருப்பதி பக்கத்துக் காடங்கி என்று ஆய்வுக்கூடங்களுக்குப் போகிறார்கள். அங்கே முதல் வருடத்திலேயே விமான அளவீட்டில் வேலை கிடைத்துவிடலாம். அப்படிப் போகிறவர்களுக்காக, வேலை நடக்கிற வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உதாரணம் எல்லாவற்றையும் நம் கணவாயிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் திரையில் வரும் எண் வெளிக்காற்றைப் பற்றிய எண் இல்லை. வெளிக்காற்று விமானத்தின் குழாய்க்குள் நுழைந்து, வேகம் குறைந்து, சூடாகி, காய்ந்து, வழியில் கொஞ்சம் துகளைத் தொலைத்த பிறகு மிச்சமிருப்பதின் எண் அது. அந்த வழியில் என்னென்ன நடந்தது என்று தெரிந்தால்தான் மிச்சத்திலிருந்து வெளிக்காற்றுக்குத் திரும்பிப் போக முடியும். கீழே நான் சொல்லும் பாதி வேலை இதற்காகத்தான்.

தரையில் அளந்தால் போதாதா?

போதாது. புகையும் தூசியும் எப்போதும் தரையோடு ஒட்டிக் கிடப்பதில்லை. 1999-இல் மாலத்தீவிலிருந்து விமானம் பறக்கவிட்டு நடத்திய இண்டோயெக்ஸ் ஆய்வில், இந்தியப் பெருங்கடலின் மேல் பரவிக் கிடந்த புகைமூட்டத்தை மேலே போய் அளந்தார்கள். 2006 மார்ச் முதல் மே வரை திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் முன்னின்று நடத்திய ஐகார்ப் ஆய்வில் புவனேஸ்வர், சென்னை, திருவனந்தபுரம், கோவா ஆகிய இடங்களிலிருந்து சிறு விமானம் ஒன்று சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை போய் அளந்தது. தரைக்கு மேலே தனியாக மிதக்கும் துகள் படலங்கள் அதில் தென்பட்டன. 2010-இல் ஐதராபாத்திலிருந்து பெரிய பலூனில் கருவியை ஏற்றி அனுப்பியபோது சுமார் 4.5 கிலோமீட்டர் உயரத்தில் கரித்துகள் திரண்டிருந்தது. தரையில் வைத்த கருவிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

காடங்கியில் இருப்பதுபோல லேசர் கதிரை மேலே அனுப்பிப் பார்க்கும் லைடார் கருவி, படலம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும். அந்தப் படலம் கரியா, உப்பா, மண்தூசியா, எந்த அளவுத் துகள் எத்தனை என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

முதலில் கேள்வி, அப்புறம் விமானம்

புதிதாக வருபவர்கள் கருவிப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். வேண்டாம். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். உதாரணமாக: "தை மாதத்துக் கீழ்க்காற்று ஒரு நொடிக்கு எவ்வளவு கரித்துகளைக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் கொண்டு வருகிறது?"

இப்படிக் கேட்டதும் பறக்கும் பாதை பாதி முடிவாகிவிடும். காற்று கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. அதற்குக் குறுக்கே, தெற்கு வடக்காக, ஒரே கோட்டின் மேல் வெவ்வேறு உயரங்களில் போய்ப்போய் வர வேண்டும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் திறப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு விமானம் அளக்கும்போது நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் போகும், அதாவது நிமிடத்துக்கு 6 கிலோமீட்டர். ஒரு உயரத்தில் ஒரு கடப்புக்கு 5 நிமிடம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது பழகுவதற்காக எடுத்த எண்கள், அளந்தவை இல்லை. 30 கிலோமீட்டர் அகலம், 2 கிலோமீட்டர் உயரம், காற்று நொடிக்கு 5 மீட்டர், கரித்துகள் கனமீட்டருக்கு 2 மைக்ரோகிராம். பெருக்கினால் நொடிக்கு 600 கிராம். இந்தக் கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டு வைத்தால், எந்த எண்ணைத் துல்லியமாக அளக்காவிட்டால் விடை கெடும் என்று தெரியும். இங்கே காற்றின் வேகமும் துகளின் அளவும் சம முக்கியம். ஆகவே காற்றை அளக்கும் கருவி இல்லாத விமானத்தில் இந்தக் கேள்வியோடு ஏறிப் பயனில்லை.

அடுத்து அனுமதி. கணவாயின் கிழக்கு வாயிலில் கோவை விமான நிலையம், அதைத் தாண்டி சூலூர் விமானப்படைத் தளம். இருபுறமும் 2,600 மீட்டருக்கு மேல் போகும் மலைகள்: நீலகிரியில் தொட்டபெட்டா, தெற்கே ஆனமுடி. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பாதுகாப்பு அமைச்சகம், விமானப்படை, வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையம் என்று பல மேசைகளைத் தாண்டித்தான் பாதைக்கு ஒப்புதல் வரும். மாதக்கணக்கில் ஆகும். விமானத்தின் உடலில் ஒரு குழாய் பொருத்த ஓட்டை போட்டாலும் அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். எவ்வளவு தாழப் பறக்கலாம் என்பதை முடிவு செய்வது விமானி. விஞ்ஞானிக்கு அதில் ஓட்டு இல்லை. அது சரிதான்.

ஆகவே மூன்று பாதைகள் தயாராக வைத்திருங்கள்: விரும்புவது, போதுமானது, எல்லாம் மறுக்கப்பட்டாலும் ஏதாவது தேறுவது. மூன்றாவதைத்தான் அதிகம் பறக்கிறார்கள்.

எந்தத் துகளுக்கு எந்தக் கருவி

காற்றில் மிதக்கும் துகள்கள் சில நானோமீட்டரிலிருந்து பல பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். சிறியதற்கும் பெரியதற்கும் விட்டத்தில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். ஒரே கருவி எல்லாவற்றையும் பார்க்காது.

மொத்த எண்ணிக்கைக்கு ஒடுக்கத் துகள் எண்ணி. சி.பி.சி. என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பியூட்டனால் ஆவிக்குள் துகளை அனுப்பினால், அதன் மேல் ஆவி படிந்து பெரிய துளியாகிவிடும். பிறகு லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணலாம். கருவியின் மாடலைப் பொறுத்து 3 அல்லது 10 நானோமீட்டர் துகள்கூட எண்ணிக்கைக்குள் வரும். எவ்வளவு என்று சொல்லும், எவ்வளவு பெரியது என்று சொல்லாது.

விட்டத்துக்கு ஒளியியல் எண்ணிகள். இறக்கைக்குக் கீழே தொங்கும் பிகாஸ்ப் வகை, 0.1 முதல் 3 மைக்ரோமீட்டர் வரை பார்க்கும். மேகத்துளிக்கு சி.டி.பி., 2 முதல் 50 மைக்ரோமீட்டர். இவை துகள் சிதறடிக்கும் ஒளியை வைத்து விட்டத்தை ஊகிப்பவை. அந்த ஊகம் துகள் எதனால் ஆனது என்பதைப் பொறுத்து மாறும். அளவுத்திருத்தத்துக்கு நாம் பயன்படுத்தும் பாலிஸ்டைரீன் உருண்டைகளின் ஒளிவிலகல் எண் சுமார் 1.59. நிஜத் துகளில் பெரும்பாலானவற்றுக்கு அதைவிடக் குறைவு. ஈரமானால் இன்னும் குறையும். எண் குறைந்தால் அதே அளவுத் துகள் சிதறடிக்கும் ஒளியும் குறையும். அதனால் கருவி சொல்லும் "0.3 மைக்ரோமீட்டர்" உண்மையில் அதைவிடப் பெரிய துகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒளிச்சிதறலுக்கு நெஃபலோமீட்டர். ஏழு டிகிரிக்கும் குறைவான கோணத்தில் முன்னோக்கிச் சிதறும் ஒளி அதன் கண்ணில் படாது. பெரிய மண்தூசி முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும், எனவே தூசி நாளில் குறைத்துக் காட்டும். திருத்தம் உண்டு, போட மறக்காதீர்கள்.

கரித்துகளுக்கு ஏத்தலோமீட்டர். வடிகட்டி நாடாவில் துகளைப் படியவைத்து, 880 நானோமீட்டர் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கும். தரையில் அருமையான கருவி. விமானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்தம் மாறும். கருவிக்குள் போகும் காற்றோட்டம் தடுமாறும். எண்கள் மேலும் கீழும் குதிக்கும், எதிர்மறையாகவும் வரும். மட்டமாகப் பறக்கும்போது எடுத்ததை மட்டும் நம்புங்கள். அதையும் ஒரு நிமிடமாவது சராசரி எடுங்கள். ஒரு நிமிடம் என்றால் 6 கிலோமீட்டர், அப்படியானால் கணவாயின் குறுக்கே ஐந்தே புள்ளிகள். வாளையாறு சிமென்ட் ஆலைப் புகையும் கஞ்சிக்கோடு உருக்காலைப் புகையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்றால் இது போதாது. லேசரால் கரியைத் தணலாக்கி ஒவ்வொரு துகளாகப் பார்க்கும் எஸ்.பி.2 வேண்டும். விலை அதிகம், ஆய்வகத்தில் இருந்தால் அதிர்ஷ்டம்.

மேகம் உருவாக எத்தனை துகள் உதவும் என்று பார்க்க சி.சி.என். எண்ணி. புனேவின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009-இல் தொடங்கிய கைபீக்ஸ் திட்டம் மேகத்துக்கும் துகளுக்கும் உள்ள உறவைத்தான் விமானத்திலிருந்து துருவியது. மழைக்காலக் கேள்வி உங்களுடையது என்றால் இது இல்லாமல் முடியாது.

இதில் என் கருத்து ஒன்று. ஏற்ற முடிந்ததை எல்லாம் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு கருவியும் மின்சாரம், எடை, ஓட்டம், ஒருவருடைய கவனம் ஆகிய நான்கையும் தின்னும். மூன்று கருவி ஒழுங்காக ஓடிய பயணம், எட்டு கருவி அரைகுறையாக ஓடிய பயணத்தைவிட எப்போதும் நல்லது.

உறிஞ்சுகுழாய்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இன்லெட் என்று எல்லோரும் சொல்கிற இந்தக் குழாயை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஆனால் வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சித்தூர்ப் புழை வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடும்போது ஒரு குழாயை ஓட்டத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குழாய்க்குள் தண்ணீர் மெதுவாகப் போனால், வரும் தண்ணீரில் ஒரு பகுதி குழாய் வாயைச் சுற்றி விலகிப் போய்விடும். ஆனால் தண்ணீரோடு வரும் மணல் அப்படி வளையாது, நேராக உள்ளே வந்து விழும். குடத்தில் பிடித்துப் பார்த்தால், வாய்க்காலில் இருப்பதைவிட மணல் அதிகமாக இருக்கும். குழாய் அதிவேகமாக உறிஞ்சினால் நேர் எதிர்: பக்கத்துத் தண்ணீரும் வளைந்து உள்ளே வரும், மணல் வராது. பெரிய துகளுக்கு விமானத்தில் நடப்பதும் இதுதான். வெளிக்காற்றின் வேகமும் குழாய் வாயில் நுழையும் வேகமும் சமமாக இருந்தால் மட்டுமே துகள் கூடாமல் குறையாமல் உள்ளே வரும். இதைச் சமவேக உறிஞ்சல் என்கிறோம்.

கணக்கு எளிது. உங்கள் கருவிகள் எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு 30 லிட்டர் கேட்கின்றன, விமானம் நொடிக்கு 100 மீட்டர் போகிறது என்றால், குழாய் வாயின் பரப்பு 5 சதுர மில்லிமீட்டர், அதாவது விட்டம் சுமார் 2.5 மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன வாய். உள்ளே போனதும் குழாய் மெல்ல விரிந்து காற்றின் வேகத்தைக் குறைக்கும். ஒரு கருவியை நடுவில் நிறுத்தினால் மொத்த ஓட்டம் குறையும், சமவேகம் கெடும். ஆகவே ஒரு கருவி நின்றால் அந்த ஓட்டத்தை ஈடுகட்ட, கட்டுப்படுத்தக்கூடிய தனிப் பம்பு ஒன்று வைத்திருங்கள். விமானி வேகத்தை மாற்றினாலும் இதே சிக்கல்தான். வேகத்தையும் ஓட்டத்தையும் நொடிக்கு ஒரு தடவை பதிவு செய்தால் பிறகு திருத்தலாம்.

எங்கே பொருத்துவது? இஞ்சின் புகையும் புரொப்பல்லர் காற்றும் தொடாத இடம், விமானத்தின் உடலை ஒட்டி மெதுவாக ஓடும் காற்றடுக்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம். பெரும்பாலும் மூக்குப் பக்கம் அல்லது முன்பக்க மேற்கூரை. குழாய் வாய் காற்றுக்கு நேராகப் பார்க்க வேண்டும். சிறு விமானம் மெதுவாகப் போகும்போது மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போகும், அந்தக் கோணத்தையும் கணக்கில் எடுங்கள்.

உள்ளே போன பிறகும் இழப்பு உண்டு. பெரிய துகள் வளைவில் மோதி ஒட்டும், படுக்கைக் குழாயில் அடியில் படியும். மிகச் சிறிய துகள் அலைபாய்ந்து சுவரில் ஒட்டும். அதனால் குழாய் குட்டையாக, வளைவு குறைவாக, வளைந்தாலும் பெரிய வட்டமாக இருக்கட்டும். எவர்சில்வர் அல்லது செம்புக் குழாய், அல்லது மின்சாரம் கடத்தும் ரப்பர் குழாய். கடையில் கிடைக்கும் சாதா பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் ஏறி துகளை இழுத்துக்கொள்ளும். பார்க்க நன்றாக இருக்கும், விடை போய்விடும்.

அப்புறம் சூடு. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வந்த காற்றை நிறுத்தினாலே அது ஏறக்குறைய 5 டிகிரி சூடாகும். கேபினுக்குள் வந்தால் இன்னும் ஏறும். வெளியே 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் இருந்த காற்று உள்ளே 30 டிகிரி ஆனால் ஈரப்பதம் 44 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அம்மோனியம் சல்பேட், கடல் உப்பு மாதிரித் துகள்கள் வெளியே தண்ணீர் குடித்து வீங்கி இருந்திருக்கும், உள்ளே வரும்போது சுருங்கிவிடும். கணவாய்க்குள் மழைக்காலத்து மேல்காற்று கொண்டுவரும் கடல் உப்பை அளக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. எனவே கருவிக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு வெப்பமானியும் ஈரப்பத உணரியும் வையுங்கள். சிறிய செலவு, ஆனால் அது இல்லாத தரவை வேறு யாருடைய தரவோடும் ஒப்பிட முடியாது.

தரையில் முடித்துவிட வேண்டியவை

காலையில் முதல் வேலை பூஜ்யம் பார்ப்பது. துகள் எதையும் விடாத ஹெப்பா ஃபில்டரைக் குழாய் வாயில் மாட்டுங்கள். சி.பி.சி. பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையா, எங்கோ லீக். ஒவ்வொரு இணைப்பாகத் தேடுங்கள், தேடி முடிக்காமல் கிளம்பாதீர்கள். கேபினுக்குள் அழுத்தம் ஏற்றிய விமானம் என்றால் மேலே போனபிறகும் ஒரு தடவை பார்க்க வேண்டும். தரையில் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், சின்ன லீக் தெரியாது. 3 கிலோமீட்டர் உயரத்தில் கேபின் காற்று உள்ளே புகுந்து, ஆட்கள் மூச்சுவிட்ட காற்றை வெளிக்காற்று என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

அதே ஃபில்டர் இன்னொரு வேலைக்கும் உதவும். வாயிலிருந்து சட்டென்று கழற்றி, ஒவ்வொரு கருவியும் எத்தனை நொடி கழித்து எகிறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 4.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 2 மீட்டர் குழாய் வழியாக நிமிடத்துக்கு 1 லிட்டர் போனால் ஏறக்குறைய 2 நொடி தாமதம். அதற்குள் விமானம் 200 மீட்டர் போயிருக்கும். ஒரு புகைக்கற்றையைக் கடக்கும்போது ஒரு கருவி இப்போதும் இன்னொன்று இரண்டு நொடி கழித்தும் காட்டினால், இரண்டையும் வகுத்துப் போடும் விகிதம் எல்லாம் பொய்யாகும்.

கடிகாரம். எல்லாக் கருவியும், எல்லா லேப்டாப்பும் ஜி.பி.எஸ். நேரத்துக்கு, உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். ஒன்று இந்திய நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேர வித்தியாசம், அது கண்ணுக்குத் தெரியும். 40 நொடி வித்தியாசம் தெரியாது, அதுதான் ஆபத்து.

பியூட்டனால் எளிதில் தீப்பிடிக்கும். 35 டிகிரியை ஒட்டியே அதன் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் நிறுத்தி வைத்த விமானத்துக்குள் சூடு அதை எளிதில் தாண்டும். எவ்வளவு எடுத்துப் போகிறீர்கள் என்று விமானப் பொறியாளரிடம் சொல்லி, தேவையானதை மட்டும் ஊற்றி, மிச்சத்தை இறக்கிவிடுங்கள். கருவி அதிகமாகச் சாய்ந்தால் திரவம் ஒளிப்பகுதிக்குள் போய்விடும். கூர்மையான திருப்பங்கள் இருக்குமா என்று விமானியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பறக்கும் நாள்

வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி போதும். பிற்பகலில் தாழப் பறந்தால், வெயிலில் காய்ந்த வயல்களுக்கு மேல் விமானம் தூக்கித் தூக்கிப் போடும், பழகியவர்களுக்கே குமட்டும். வாந்திப் பையைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அழுத்தம் ஏற்றாத விமானத்தில் 10,000 அடிக்கு மேல் போனால் ஆக்சிஜன் வேண்டும். மூளை மந்தமாவது நமக்கே தெரியாது.

தரை மின்சாரத்திலிருந்து விமான மின்சாரத்துக்கு மாற்றும் நொடியில் கருவிகள் அணைந்து எரியும். இடையில் யு.பி.எஸ். வைத்திருந்தாலும், மாற்றியபின் ஒவ்வொரு திரையையும் ஒரு தடவை பாருங்கள்.

ஒரே இடத்தைக் காலையிலும் பிற்பகலிலும் பறக்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள். குளிர்கால விடியலில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கி, அடுப்புப் புகை, வண்டிப் புகை, வைக்கோல் எரித்த புகை எல்லாவற்றையும் கீழேயே பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏற ஏற அந்த அடுக்கு வளர்ந்து, மதியத்துக்குமேல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை கலந்துவிடும். விமானம் ஏறும்போது அந்த அடுக்கின் மேல்விளிம்பைச் சன்னல் வழியாகவே பார்க்கலாம்: கீழே பழுப்பு, மேலே சட்டென்று நீலம். அதே இடத்தில் ஈரப்பதமும் துகள் எண்ணிக்கையும் ஒன்றாக விழ வேண்டும். விழவில்லை என்றால், கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள். அல்லது மேலே உண்மையிலேயே இன்னொரு படலம் இருக்கிறது. அப்படி இருந்தால் விமானியிடம் கேட்டு அந்த உயரத்தில் ஐந்து நிமிடம் மட்டமாகப் போகச் சொல்லுங்கள். திட்டத்தில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். "சார், இதே ஹைட்ல அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?" என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலான விமானிகள் முடிந்ததைச் செய்வார்கள்.

கையால் குறிப்பெழுதுங்கள். நேரம், உயரம், பார்த்தது. "06:42, கிழக்கே புகை, கற்றை சாய்வு மேற்கே." "06:51, மேகத்துக்குள் நுழைந்தோம்." "07:03, திருப்பம், நம் இஞ்சின் புகையாக இருக்கலாம்." கருவிக்குத் தெரியாதது உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

மேகம் தனிக்கதை. மேகத்துக்குள் போகும்போது துளிகள் குழாய் விளிம்பில் மோதிச் சிதறி, ஒரு துளி பல சிறு துகளாகும். சி.பி.சி. எண்ணிக்கை திடீரென்று ஏறும். புதிய துகள் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றும். மேகத்துக்குள் எடுத்த குழாய்வழித் தரவு அத்தனையையும் தனியாகக் குறித்து ஒதுக்குங்கள். மேகத்துளிக்கு இறக்கையில் இருக்கும் கருவிதான் சாட்சி.

இறங்கிய பிறகு

தூக்கம் வரும். தூங்குமுன் தரவை இரண்டு இடத்தில் நகலெடுத்து, அன்றைக்கே ஒரு முதல் வரைபடம் போடுங்கள். பழுதான கருவியை அடுத்த பயணத்துக்கு முன் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

பிறகு அழுத்தத் திருத்தம். 3 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் சுமார் 700 ஹெக்டாபாஸ்கல், வெப்பம் 10 டிகிரி என்றால், அங்கே கன சென்டிமீட்டருக்கு 1,000 துகள் என்பது, 0 டிகிரியும் 1013 ஹெக்டாபாஸ்கலும் கொண்ட நியம நிலைக்கு மாற்றினால் 1,500. இரண்டு எண்ணும் சரி. எது எந்த நிலையில் என்று எழுதாமல் விட்டால் இரண்டும் பயனற்றவை. உயரத்துக்கு உயரம் ஒப்பிட நியம நிலை நல்லது. கணவாய் வழியே போகும் அளவைக் கணக்கிட அங்கிருந்த நிஜக் காற்றின் கன அளவு வேண்டும்.

எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட பெரிய துகள் நூறு கன சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு ஒரு கன சென்டிமீட்டர் பார்க்கும் கருவிக்கு ஒரே ஒரு துகள் கிடைக்க 100 நொடி, அதாவது 10 கிலோமீட்டர். இறக்கையில் இருக்கும் சி.டி.பி. சுமார் 0.3 சதுர மில்லிமீட்டர் பரப்பைப் பார்க்கிறது. 100 மீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 30 கன சென்டிமீட்டர். அதே தூரத்தில் 30 துகள். முப்பது என்று எண்ணினாலும் தற்செயலாகவே ஐந்தரை வரை கூடவோ குறையவோ செய்யும், அதாவது 18 சதவீதம். இந்தச் சதவீதத்தையும் வரைபடத்தில் போடுங்கள்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. நெஃபலோமீட்டர் தரும் ஒளிச்சிதறலையும் கரி உறிஞ்சும் ஒளியையும் கூட்டி, வெளிக்காற்றின் ஈரத்துக்குத் திருத்தி, உயரம் முழுக்கச் சேர்த்தால் வரும் எண்ணை, தரையிலிருந்து சூரியனைப் பார்த்து, வழியில் துகள்கள் எவ்வளவு ஒளியைத் தடுக்கின்றன என்று சொல்லும் ஒளிமானி தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒளிமானி அதிகமாகச் சொன்னால் மூன்று சாத்தியம்: நீங்கள் போகாத உயரத்தில் ஒரு படலம் இருந்திருக்கிறது, ஈரத்திருத்தம் போதவில்லை, அல்லது பெரிய துகள் உங்கள் குழாய்க்குள் வரவே இல்லை. மூன்றையும் இதே வரிசையில் சோதியுங்கள்.

விமானம் கிடைக்கும்வரை

அளவுத்திருத்தம், ஈரப்பதம், தாமதம், உயரம் எல்லாவற்றையும் தரையிலேயே பழகலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் லேசர் துகள் உணரி ஒன்று, அழுத்தமும் ஈரப்பதமும் காட்டும் சிறு உணரி ஒன்று, ஜி.பி.எஸ். இவற்றைச் சேர்த்து ஒரு பெட்டியில் கட்டுங்கள். நென்மாறையிலிருந்து போத்துண்டி அணை தாண்டி நெல்லியாம்பதி ஏறும் மலைப்பாதையில் பஸ்ஸிலோ பைக்கிலோ எடுத்துப் போங்கள். தை மாதத்தில் விடியற்காலையில் ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை. முன்னால் போகும் வண்டியின் புகை தரவில் கூர்முனையாகத் தெரியும், அதை ஒதுக்கப் பழகுவதுதான் பிறகு இஞ்சின் புகையை ஒதுக்கப் பழகுவது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் வளைவுகளில் உணரி அதிகமாகக் காட்டும். அந்தப் புள்ளிகளை அழிக்காமல் தனி நிறத்தில் குறியுங்கள். ஏறும்போது எடுத்ததும் இறங்கும்போது எடுத்ததும் ஒரே உயரத்தில் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்த தடவை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்தி, இரண்டு நிமிடம் இஞ்சினை அணைத்து வைத்து அளந்து பாருங்கள்.